டிரெவெலியன் ஒருவரா, இருவரா?

ஜூன் 11, மாலை. கேள்வி

போட்டித் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருக்கிறேன். சார்லஸ் டிரெவெலியன் என்ற பெயர் மூன்று இடங்களில் வருகிறது. பிரிட்டனில் தேர்வு வைத்து அரசு வேலைக்கு ஆள் எடுக்க வேண்டும் என்று சொன்ன அறிக்கையில் ஒரு முறை. சென்னை ஆளுநர்கள் வரிசையில் ஒரு முறை. அயர்லாந்துப் பஞ்சத்தில் ஒரு முறை. முதல் இரண்டு இடங்களிலும் நல்லவராகத் தெரிகிறார். மூன்றாவது இடத்தில் அவர் பெயரைச் சொன்னாலே அயர்லாந்து மக்கள் இன்றும் கொதிக்கிறார்கள். ஒரே ஆளா? அப்பா, மகன் போல இரண்டு பேரா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

ஜூன் 11, இரவு

ஒரே ஆள்தான் தம்பி. 1807இல் இங்கிலாந்தின் டான்டனில் பிறந்தார். 1886இல் லண்டனில் இறந்தார். மகன் ஜார்ஜ் ஆட்டோ டிரெவெலியன் வேறு. அவர் அரசியல்வாதி, வரலாற்றாசிரியர். நீங்கள் கேட்கும் மூன்று இடங்களிலும் வருபவர் அப்பா சார்லஸ்.

நான் வருவாய்த் துறையில் 31 ஆண்டுகள் வேலை பார்த்துவிட்டு ஓய்வு பெற்றவன். இந்த மனிதரைப் பற்றிப் பல ஆண்டுகளாகத் தேடித் தேடிப் படித்து வருகிறேன். சுருக்கமாக முடிக்க எனக்கு வராது. கொஞ்சம் கொஞ்சமாக எழுதுகிறேன்.

ஜூன் 12

டெல்லியிலிருந்து தொடங்க வேண்டும். கிழக்கிந்தியக் கம்பெனிக்கு ஆள் தயாரிக்கும் ஹெய்லிபரி கல்லூரியில் படித்துவிட்டு, இருபது வயதை ஒட்டி டெல்லிக்கு உதவியாளராக வந்து சேர்கிறார். அங்கே ரெசிடெண்டாக, அதாவது கம்பெனியின் தலைமைப் பிரதிநிதியாக, இருந்தவர் சர் எட்வர்ட் கோல்புரூக். முகலாய மன்னரின் அரண்மனை விவகாரம் முதல் சுற்றுவட்டார அரசர்களின் வழக்கு வரை எல்லாம் அவர் கையில். டிரெவெலியன் பிறப்பதற்கு முன்பே கம்பெனி வேலையில் பழுத்தவர். அந்தப் பெரிய மனிதர் கையூட்டு வாங்குகிறார் என்று 1829இல் டிரெவெலியன் எழுத்து மூலமாகக் குற்றம் சாட்டினார். அப்போது அவருக்கு வயது 22.

ஓர் அலுவலகத்தில் வேலை பார்த்தவர்களுக்குத்தான் இதன் கனம் தெரியும். மொட்டைக் கடிதம் போடவில்லை. தன் பெயர் போட்டு, கையெழுத்துப் போட்டு, தனக்கு மேலே உட்கார்ந்திருப்பவர்மீது புகார் கொடுக்கிறார். டெல்லியிலிருந்த ஆங்கிலேயர்களில் பெரும்பாலோர் அவரை ஒதுக்கினார்கள். விசாரணை நடந்தது, குற்றம் உண்மை என்று தெரிந்தது, கோல்புரூக் வேலையிலிருந்து நீக்கப்பட்டார்.

பிறகு உள்நாட்டுச் சுங்கச் சாவடிகளைப் பற்றி ஒரு நீண்ட அறிக்கை எழுதினார். ஓர் ஊரிலிருந்து அடுத்த ஊருக்குச் சரக்குப் போனால் வழியெல்லாம் வரி, வரிக்கு மேல் காவலர்களுக்குப் படி. வங்காள மாகாணத்தில் 1836இல் அந்தச் சாவடிகள் எடுக்கப்பட்டதில் அந்த அறிக்கைக்குப் பெரிய பங்கு உண்டு. 1834இல் மெக்காலேயின் தங்கை ஹன்னாவை மணந்தார்.

இதே காலத்தில் இந்திய மொழிகளையெல்லாம் ரோமன் எழுத்தில் எழுத வேண்டும் என்றும் முழங்கினார். நம் ‘ழ’வை எந்த எழுத்தில் அடைத்திருப்பாரோ! தனக்குச் சரி என்று பட்டுவிட்டால் பிறகு அவரிடம் பேச்சு எடுபடாது. இந்தக் குணத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வருகிறது.

ஜூன் 13

லண்டன் திரும்பியவருக்கு 1840இல் கிடைத்த பதவியின் பெயர் ‘கருவூலத் துறையின் உதவிச் செயலர்’. பெயரைப் பார்த்து ஏமாறக் கூடாது. அந்தத் துறையின் நிரந்தர அதிகாரிகளில் அவர்தான் முதலாமவர். பின்னாளில் நிரந்தரச் செயலர் என்று பெயர் மாறிய நாற்காலி அது. 1859 வரை 19 ஆண்டுகள் அதில் இருந்தார். நிதியமைச்சர்கள் வந்தார்கள், போனார்கள். கோப்பு எங்கே இருக்கிறது, பணம் எந்தத் தலைப்பில் இருக்கிறது, முந்தைய உத்தரவு என்ன என்பதெல்லாம் அவருக்குத்தான் தெரியும்.

1845 இலையுதிர்காலத்தில் அயர்லாந்தின் உருளைக்கிழங்குப் பயிரில் கருகல் நோய் விழுந்தது. அடுத்த ஆண்டு ஏறக்குறைய மொத்தப் பயிரும் போயிற்று. அந்த நாட்டு ஏழைக்கு உருளைக்கிழங்கு கூட்டு, பொரியல் இல்லை, சோறே அதுதான். பிரதமர் பீல் 1845 நவம்பரில் ஒரு லட்சம் பவுண்டுக்கு அமெரிக்க மக்காச்சோளம் வாங்க ஏற்பாடு செய்தார். 1846 ஜூனில் பீல் ஆட்சி போய் ரஸ்ஸல் ஆட்சி வந்தது. நிவாரணத்தின் கடிவாளம் டிரெவெலியன் கையில் இறுகியது. அந்தக் கோடையிலேயே தானியக் கிடங்குகளை மூடச் சொன்னார். அரசு தானியம் விற்றால் வியாபாரி ஒதுங்கிவிடுவான், மக்கள் அரசையே நம்பிக் கிடப்பார்கள் என்பது அவர் வாதம்.

அதன் பிறகு வேலைக்குக் கூலி. சாலை போடு, கல் உடை, காசு வாங்கிக்கொள். 1847 மார்ச்சில் 7 லட்சம் பேருக்கு மேல் அப்படிக் கல் உடைத்தார்கள். பட்டினி கிடந்த உடம்பு, குளிர்காலம், உடைத்த அளவுக்குத்தான் கூலி. கூலி கையில் வந்தாலும் தானிய விலை எட்டாத உயரத்தில். எங்கும் போய்ச் சேராத சாலைகள் சில இன்னும் அங்கே கிடக்கின்றன.

இதில் எனக்குப் பொறுக்க முடியாதது ஒன்று. இத்தனையும் நடந்தபோது இந்த மனிதர் அயர்லாந்து மண்ணை மிதிக்கவே இல்லை. லண்டனில் உட்கார்ந்து கடிதம் எழுதினார். டெல்லியில் கண்ணால் பார்த்தார், நியாயமாக நடந்தார். அயர்லாந்தைப் பார்க்கவில்லை, அநியாயம் செய்தார். உங்கள் கேள்விக்கு என் பதில் இதுதான்.

ஜூன் 13, நள்ளிரவு

ஒரு நண்பர் தனிச் செய்தியில் திருத்தினார். அவர் சொல்வது சரி. 1847 அக்டோபரில் டிரெவெலியன் டப்ளின் போயிருக்கிறார். ‘மிதிக்கவே இல்லை’ என்று நான் எழுதியது தவறு. ஆனால் டப்ளினிலிருந்து மேற்குக் கரைக் கிராமங்களின் குடிசை வாசல் தொலைவு. அங்கே போனவர்கள் என்ன எழுதினார்கள் என்று நாளை சொல்கிறேன்.

ஜூன் 14

கார்க் மாவட்டத்து மாஜிஸ்திரேட் நிக்கோலஸ் கம்மின்ஸ் 1846 டிசம்பரில் ஸ்கிபரீன் பக்கம் போனார். ஐந்து ஆள் சுமக்கும் அளவு ரொட்டி எடுத்துக்கொண்டு போனார். ஓர் ஊரில் நுழைந்தால் ஆள் அரவமே இல்லை. ஏன் என்று பார்க்கக் குடிசைகளுக்குள் குனிந்து போகிறார். முதல் குடிசையில், மூலையில் அழுக்கு வைக்கோல்மேல் ஆறு உருவங்கள். குதிரைக்குப் போர்த்தும் கந்தல் துணி ஒன்றை மேலே போட்டிருக்கிறார்கள். முழங்காலுக்கு மேல் வரை கால்கள் துணியின்றித் தெரிகின்றன. பிணம் என்று நினைத்துக் கிட்டே போனவருக்கு மெல்லிய முனகல் கேட்கிறது. உயிர் இருக்கிறது. காய்ச்சலில் கிடக்கிறார்கள். நான்கு குழந்தைகள், ஒரு பெண், ஒரு காலத்தில் ஆணாக இருந்த ஒருவர்.

கம்மின்ஸ் இதை வெலிங்டன் பிரபுவுக்குப் பகிரங்கக் கடிதமாக எழுதினார். கிறிஸ்துமஸுக்கு முந்தைய நாள் லண்டன் ‘தி டைம்ஸ்’ பத்திரிகையில் வந்தது. டிரெவெலியனின் மேசைக்கு நடந்து போகும் தூரத்தில் வந்தது. செய்தி எட்டவில்லை என்று சொல்ல வழியே இல்லை. அவருடைய சொந்த அதிகாரிகளும் வாரா வாரம் எழுதிக்கொண்டுதான் இருந்தார்கள்.

அதே ஆண்டில் டிரெவெலியன் எழுதிய ஒரு கடிதம் இருக்கிறது. நாம் போராட வேண்டிய பெருந்தீமை பஞ்சம் அன்று. அந்த மக்களின் சுயநலமும் முரட்டுத்தனமும் அடங்காத குணமும்தான் என்ற கருத்தில் எழுதுகிறார். முதல் முறை படித்தபோது புத்தகத்தை மூடிவைத்துவிட்டு எழுந்து வெளியே போனேன்.

ஜூன் 16

“அதிகாரி என்ன செய்வார், அமைச்சர் சொன்னதைத்தானே செய்தார்?” என்று ஒருவர் கேட்டிருக்கிறார். பாதி சரி. பிரதமர் ரஸ்ஸலும் நிதியமைச்சர் சார்லஸ் வுட்டும் ஒப்புக்கொண்ட கொள்கை அது. நாடாளுமன்றமும் அதைத்தான் விரும்பியது. எல்லாப் பழியையும் ஓர் அதிகாரி தலையில் கட்டினால் மற்றவர்கள் தப்பித்துவிடுவார்கள். அதை நான் செய்ய மாட்டேன்.

ஆனால் அவர் கைகட்டி நின்று உத்தரவு வாங்கியவரும் இல்லை. அமைச்சர்கள் தளர்ந்தபோது இழுத்துப் பிடித்தவர் அவர். 1847 கோடையில் அரசு வேறு வழியின்றிக் கஞ்சித் தொட்டி திறந்தது. ஜூலையில் ஒரு நாளைக்கு 30 லட்சம் பேர் அதில் குடித்தார்கள். சாவு குறைந்தது. செய்ய முடியும் என்பதற்கு அதுவே சாட்சி. செப்டம்பர் முடிவதற்குள் தொட்டிகளை மூடிவிட்டார்கள். இனிமேல் அயர்லாந்தின் ஏழைகளை அயர்லாந்தின் வரியே பார்த்துக்கொள்ளட்டும் என்றார்கள். டிரெவெலியன் ‘அயர்லாந்து நெருக்கடி’ என்று கட்டுரை எழுதி, ஏறக்குறைய எல்லாம் முடிந்துவிட்டதுபோலப் பேசினார். அது வெளிவந்தது 1848 ஜனவரியில். அதே ஆண்டு அவருக்கு சர் பட்டம் கிடைத்தது. பஞ்சம் அதற்குப் பிறகும் ஆண்டுக்கணக்கில் கொன்றது.

1841 கணக்கெடுப்பில் 81 லட்சம் பேர் இருந்த நாடு, 1851இல் 65 லட்சம். ஏறக்குறைய 10 லட்சம் பேர் செத்தார்கள். அதற்கும் மேற்பட்டவர்கள் கப்பலேறினார்கள்.

ஜூன் 17

சென்னைப் பகுதி.

1859 மார்ச்சில் ஆளுநராக வந்தார். இருந்தது 14 மாதம் சொச்சம். அதற்குள் ஊர் மக்களுக்கு ஒரு பூங்கா வேண்டும் என்று பீப்பிள்ஸ் பார்க்கை உருவாக்கினார். சென்ட்ரல் நிலையத்தை ஒட்டிய பெரும் பரப்பு அது. பின்னால் விக்டோரியா மண்டபம், மூர் மார்க்கெட், ரிப்பன் மாளிகை, நேரு விளையாட்டரங்கம் என்று ஒவ்வொன்றாக அந்தப் பக்கம் எழுந்து இன்று பூங்காவைத் தேட வேண்டியிருக்கிறது. பூங்காநகர் என்ற பெயர் மட்டும் மிச்சம்.

1857 கிளர்ச்சிக்குப் பிறகு இந்திய அரசின் கஜானா காலி. அதை நிமிர்த்த ஜேம்ஸ் வில்சன் லண்டனிலிருந்து கல்கத்தாவுக்கு வந்தார். ‘எகானமிஸ்ட்’ பத்திரிகையைத் தொடங்கியவர். கருவூலத் துறையில் டிரெவெலியனோடு ஆண்டுக்கணக்கில் ஒன்றாக வேலை பார்த்தவர். 1860 பிப்ரவரியில் நாட்டின் முதல் வருமான வரியை அறிவித்தார். ஆண்டுக்கு 200 ரூபாய்க்கு மேல் வருமானம் இருந்தால் வரி.

டிரெவெலியன் எதிர்த்தார். புது வரி போடாதீர்கள், செலவைக் குறையுங்கள், படைச் செலவைக் குறையுங்கள் என்றார். பழக்கமில்லாத வரியோடு அதிகாரியை வீடு வீடாக அனுப்பினால் மக்கள் கொதித்துவிடுவார்கள் என்றார். கல்கத்தாவுக்கு எழுதியதோடு நிற்கவில்லை. தன் எதிர்ப்புக் குறிப்பைப் பத்திரிகைகளில் வெளிவரச் செய்தார். ஓர் ஆளுநர் மேலிடத்தின் வரிக் கொள்கையைப் பகிரங்கமாக உடைத்தால் என்ன ஆகும்? திருப்பி அழைத்துக்கொண்டார்கள். திருப்பி அழைத்தவர், லண்டனில் இந்திய விவகாரங்களைக் கவனித்த அமைச்சர். அவர் யார் தெரியுமா? அதே சார்லஸ் வுட். பஞ்ச காலத்து நிதியமைச்சர்.

வில்சன் அந்த ஆண்டு ஆகஸ்டிலேயே கல்கத்தாவில் இறந்தார். டிரெவெலியன் 1862இல் வைஸ்ராய் குழுவின் நிதிப் பொறுப்பு உறுப்பினராக அதே கல்கத்தாவுக்கு வந்தார். அவர் காலத்தில், 1865இல், அந்த வருமான வரி நீங்கியது.

ஜூன் 18

என் 13ஆம் தேதிக் குறிப்பை நானே திரும்பப் படித்தேன். கண்ணால் பார்த்தால் நியாயம், பார்க்காவிட்டால் அநியாயம் என்று எழுதியிருக்கிறேன். அது நிற்காது. நிற்காது என்பதற்கு நானே ஆதாரம். இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

வேலையில் சேர்ந்து நான்கைந்து ஆண்டு இருக்கும். எங்கள் பக்கம் புயல் மழை. இடிந்த வீடுகளுக்கு நிவாரணப் பட்டியல் தயாரிக்கும் பொறுப்பு எனக்கு. இந்தத் தேதி முதல் இந்தத் தேதி வரை இடிந்த வீடுகள் என்று அரசாணையில் இருந்தது. ஒரு வயதான அம்மாள் வந்தார். ஊறிப்போன மண்சுவர் மழை விட்டு நான்காம் நாள் வெயிலில்தான் விழுந்திருக்கிறது. தேதி தாண்டிவிட்டது. முந்தானையில் முடிந்து ஒரு மண்கட்டி கொண்டுவந்திருந்தார். முடிச்சை அவிழ்த்து என் மேசைமேல் வைத்தார். ஒரு பக்கம் சுண்ணாம்பு அடித்த வெள்ளை, மறுபக்கம் வைக்கோல் துணுக்குகள், இன்னும் ஈரம். “இது எங்க வீட்டுச் செவுருங்க சாமி, தொட்டுப் பாருங்க” என்றார். தொட்டேன். விரலில் ஒட்டியது.

தொட்ட கையால்தான் எழுதினேன்: ‘அரசாணையில் குறித்த நாள்களுக்குப் பின்னர் இடிந்தது. பரிசீலிக்க இயலாது.’

பக்கத்து மேசையில் இருந்த மூத்த எழுத்தர் ஓர் அம்மா. அவர் பிரிவிலும் இதே மாதிரி ஏழு மனுக்கள் வந்தன. அவர் தள்ளவில்லை. ‘மழையில் ஊறியதே இடிந்ததற்குக் காரணம் என்பதால் தெளிவுரை வேண்டப்படுகிறது’ என்று மேலே எழுதினார். இரண்டு மாதம் கழித்து ஏழு பேருக்கும் பணம் வந்தது. நான் தள்ளிய மனுவைத் திரும்ப எடுக்க வழி இருந்ததா என்று அன்று நான் கேட்கவில்லை. விதிப்படி நடந்தேன் என்ற நிம்மதியோடு வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டேன்.

அதனால் தூரம் இல்லை காரணம். கை எட்டும் தூரத்தில் ஈரம் காயாத சுவர் இருந்தது.

ஜூன் 19

நேற்று எழுதியதைத் தொடர்கிறேன்.

டிரெவெலியன் மூன்று இடங்களிலும் ஒரே மாதிரிதான் நடந்தார் என்று இப்போது தோன்றுகிறது. கோல்புரூக்கிடம் விட்டுக்கொடுக்கவில்லை, வில்சனிடம் விட்டுக்கொடுக்கவில்லை, அயர்லாந்துப் பசியிடமும் விட்டுக்கொடுக்கவில்லை. முதல் இரண்டிலும் எதிரே நின்றவர்கள் அவரைவிடப் பெரியவர்கள். அவர் தோற்றிருந்தால் வேலை போயிருக்கும், சென்னையில் போகவும் செய்தது. அயர்லாந்தில் எதிரே நின்றவர்களுக்கு அவரை ஒன்றும் செய்ய முடியாது. அவர் தவறினால் விலை கொடுப்பவர்கள் அவர்கள்தான். மேலே இருப்பவரைத் தட்டிக்கேட்ட அந்த நெஞ்சுரம், தன் முடிவையே ஒரு நாள் தட்டிக்கேட்டிருந்தால் எத்தனை பேர் பிழைத்திருப்பார்கள் என்று நினைக்காமல் இருக்க முடியவில்லை.

நாள் முழுவதும் உழைத்தார், இரவு வெகுநேரம் வரை அலுவலகத்தில் இருந்தார், ஒரு காசு கைநீட்டி வாங்கவில்லை. இவ்வளவும் உண்மை. என்னையும் அலுவலகத்தில் நேர்மையானவன் என்றுதான் சொன்னார்கள்.

ஜூன் 20

தாது வருடப் பஞ்சத்துக்கும் இவருக்கும் தொடர்பு உண்டா என்று கேட்டவருக்கு: நேரடியாக இல்லை. 1876-78இல் அவர் பதவியில் இல்லை. ஆனால் அந்தப் பஞ்சத்தில் சென்னை மாகாணத்துக்கு வந்த ரிச்சர்ட் டெம்பிள், நிவாரண வேலை செய்யும் ஆளுக்கு நாளொன்றுக்கு ஒரு பவுண்டு தானியமும் சிறு காசும் போதும் என்று குறைத்தபோது, அயர்லாந்தில் கேட்ட அதே குரல்தான் கேட்டது. மக்கள் அரசையே நம்பிக் கெட்டுவிடக் கூடாதாம். பக்கிங்காம் கால்வாயின் ஒரு பகுதி அந்த நிவாரண வேலையில் வெட்டியது. அயர்லாந்துச் சாலைகளைப் போல இல்லாமல் அது ஊருக்கு உதவியது. வெட்டியவர்களின் வயிற்றுக்கு எவ்வளவு போயிற்று என்பது வேறு கணக்கு.

ஜூன் 21

தம்பி, தேர்வுக்கு வேண்டியதை மறந்துவிட்டேன்.

நார்த்கோட்-டிரெவெலியன் அறிக்கை. கையெழுத்தானது 1853 நவம்பர் 23. நாடாளுமன்றத்தில் வைத்தது 1854. நிதியமைச்சர் கிளாட்ஸ்டன் கேட்டு எழுதியது. இருபது பக்கம் சொச்சம்தான். அதுவரை சிபாரிசில் வேலை. முன்னேறும் எண்ணம் இல்லாதவர்களும் சோம்பேறிகளும் திறமை குன்றியவர்களும்தான் அரசு வேலைக்கு வருகிறார்கள் என்று அறிக்கை பச்சையாகச் சொன்னது. போட்டித் தேர்வு வைக்க வேண்டும்; அறிவு வேலையையும் எழுத்து வேலையையும் பிரிக்க வேண்டும்; மூப்பை மட்டும் பார்க்காமல் தகுதி பார்த்துப் பதவி உயர்வு தர வேண்டும். 1855இல் சிவில் சர்வீஸ் ஆணையம் அமைந்தது. திறந்த போட்டி பொது விதியானது 1870இல். தகப்பன் பெயர் தெரியாத ஒரு பையன் கேள்வித்தாள் முன்னால் உட்கார்ந்து அதிகாரி ஆகலாம் என்ற வழி அங்கிருந்து வந்தது. சிபாரிசுக் கடிதம் வாங்கித் தர ஆள் இல்லாத குடும்பத்தில் பிறந்து, தேர்வு எழுதி வேலைக்கு வந்தவன் நான். அந்தக் கடன் எனக்கு இருக்கிறது. அதையும் சேர்த்துத்தான் மற்றதை எழுதினேன்.

ஜூன் 21, சற்றுப் பின்னர்

விட்டுப்போன ஒரு பெயர். எட்வர்ட் ட்விசில்டன்.

அயர்லாந்தில் ஏழைகள் நலச் சட்டத்தை நடத்திய தலைமை ஆணையர். அவரும் ஆங்கிலேயர், அதே அரசின் ஊழியர். பணம் கேட்டுக் கேட்டு லண்டனுக்கு எழுதினார். 1849 மார்ச்சில் வேலையை விட்டு விலகினார். இங்கே இருக்கும் கொடுமையையும் நாடாளுமன்றத்தின் அலட்சியத்தையும் பார்த்தால், இந்த மக்களை அழிப்பதில்தான் முடியும் ஒரு கொள்கையை நடத்தத் தான் ஏற்ற ஆள் இல்லை என்று அவர் கருதுகிறார் என, அயர்லாந்தின் அரசப் பிரதிநிதி கிளாரெண்டன் பிரதமருக்கு எழுதினார்.

அந்த ட்விசில்டன் பிறகு என்ன ஆனார் என்று தேடிப் பார்த்தேன். டிரெவெலியனின் அறிக்கையால் உண்டான சிவில் சர்வீஸ் ஆணையத்தில் 1862 முதல் 1870 வரை ஆணையராக இருந்திருக்கிறார். அந்த எட்டு ஆண்டுகளும் பிரிட்டனின் அரசு வேலைக்கு வந்த இளைஞர்களைச் சோதித்துச் சான்று கொடுத்தவர்களில் அவரும் ஒருவர்.